இறக்கத்தில் மட்டும் சூடு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. என் மோட்டார் சைக்கிளில் கைபேசிக்கு மின்னேற்றும் முனை ஒன்று பொருத்தவேண்டியிருந்தது. வயரிங் கடையில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வேலை பார்த்த பெண் யாரிடமோ சொன்னாள்: "அதெல்லாம் வண்டி தாங்காதுக்கா."

பேச்சை முடித்தபின் கையிலிருந்த கம்பியின் தோலை உரித்தாள். பிறகு என் முகத்தைக் கண்டு, "உங்க வண்டி தாங்கும். நீங்க பயப்படாதீங்க" என்றாள்.

யாருடைய வண்டி, எதைத் தாங்காது, அந்த அக்காவுக்கு ஏன் அப்படியொரு பதில் வேண்டியிருந்தது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. மறுநாள் காலை, ஓதவேண்டியதை ஓதிவிட்டு எழுத அமர்ந்தேன். இனி வருவதெல்லாம் புனைவு.

2

முதல் தொடக்கம்: "மலைமுகட்டில் மஞ்சு தவழ, கதிரவன் தன் பொற்கரங்களை—"

விட்டுவிட்டேன். பழம்பாட்டில் ஊறிய கைக்கு மலை என்றதும் மஞ்சு தானே தவழ்ந்துவிடுகிறது. இவளோ மஞ்சைக் கண்டு மயங்குபவள் அல்லள். இணைப்புக்குள் ஈரம் புகுந்தால் செம்பில் பச்சை பூக்கும் என்பதொன்றே மஞ்சைப் பற்றி அவள் கொண்ட கருத்து.

இரண்டாம் தொடக்கம்: "சிறுவயது முதலே அவளுக்கு மின்சாரம் என்றால்—"

இதுவும் பொய். அவளுக்கு மின்சாரம் என்றால் வேலை. வேலை முடிந்தால் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

மூன்றாவது: "அக்கா தங்கையிடம் ஒரு பொய் கேட்டாள்."

இது நிற்கட்டும்.

3

அக்கா தங்கையிடம் ஒரு பொய் கேட்டாள். வயரிங் கடை வைத்திருக்கும் தங்கைக்குத் தெருவில் ஃபியூஸ் என்று பெயர். எவர் என்ன பழுது சொல்லிக்கொண்டு வந்தாலும் முதலில் "ஃபியூஸ் பாத்தீங்களா?" என்று கேட்பாள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவின் கணவர், அவளுக்கு மாமா முறை, அடிவாரத்து மருந்தகத்திலிருந்து மலைக்குடியிருப்புகளுக்கு மருந்து கொண்டுசெல்பவர். வண்டியின் பின்னால் ஒரு குளிர்ப்பெட்டி. அதுவும் வண்டியின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

சென்ற குளிர்காலத்திலிருந்து அவர் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகின்றன. ஒருமுறை வளைவில் பிரேக்கைப் பிடித்துவிட்டதாக நினைத்தார். கை மூடவே இல்லை. மதில் ஓரமாக உரசி நின்றது வண்டி. கை சூடாக இருக்குமென்றால் ஓட்டலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார் மருத்துவர். உடனே அவர் சூடேறும் கைப்பிடிகள் இரண்டை வாங்கிவந்து, மச்சினியிடம் பொருத்தித்தரச் சொன்னார். மருந்தகத்திலோ அவருக்கென்று உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காத்திருந்தது. அக்காவுக்கு அந்த நாற்காலியின் மேல் கண்.

அவருக்கு முன்னதாகவே கடைக்கு வந்து அக்கா சொன்னாள். "வண்டி தாங்காதுன்னு சொல்லிடுடி. நான் சொன்னா பயந்தாங்கொள்ளிம்பார். நீ சொன்னா கேட்டுக்குவார்."

"தாங்காதுதான்க்கா, இப்ப இருக்கற மாதிரின்னா."

"அப்ப பொய்கூட இல்லையே. அப்படியே சொல்லு."

ஆனால் ஃபியூஸ் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. முகப்பு விளக்கில் இருந்தது பழைய வகைக் குமிழ். மின்சாரத்தை அள்ளிக் குடிப்பது. அதை எடுத்துவிட்டு எல்.இ.டி. குமிழைப் போட்டால் மிஞ்சுவதில் இரண்டு கைப்பிடிகளும் தாராளமாகச் சூடாகும். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினாள்.

4

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். எங்கோ கேட்ட குரலாகப் பட்டது.

அகப்பாட்டில் தலைவன் பொருள்தேடப் புறப்படுவான். பிரிவைத் தாங்காத தலைவிக்காகத் தோழி அவனை எதிர்கொண்டு, வழி கொடிது, வெயில் கொடிது, இவள் வளை கழன்றுவிட்டது என்று அடுக்குவாள். செலவழுங்குவித்தல் என்று பெயர். புறப்பட்டவனைப் போகவிடாமல் நிறுத்துவது. தோழியின் சொற்களை ஆய்ந்து பார்த்தால் பாதி மிகை. அதற்காக அவளை எவரும் பொய்யள் என்றதில்லை.

ஆக, வழி கொடிது என்பதற்குப் பதிலாகப் பேட்டரி தாங்காது என்கிறாள் இவள். இத்தனை பழைய வேலையை இவளுக்குக் கொடுத்தது நானா, அக்காவா என்று தெரியவில்லை. ஒன்றுமட்டும் உறுத்துகிறது. பாட்டில் தலைவன் தோழியின் பேச்சை நம்பி நின்றுவிடுவான், அல்லது நில்லாமல் போவான். நின்றும் நில்லாமலும் வேறொன்று செய்தால் தோழி என்ன செய்வாள்?]

5

மாமா வந்தார். கடை இருக்கும் தெரு சரிவானது. அங்கே வண்டியில் உட்கார்ந்த எவரும் பிரேக்கைப் பிடித்தபடியேதான் பேசவேண்டும். அவரும் அப்படியே உட்கார்ந்துகொண்டு, "என்ன ஃபியூசு, அடுப்பு ரெடியா?" என்றார்.

அக்கா கேட்டபடியே அவள் சொன்னாள். குளிர்ப்பெட்டிக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, எஞ்சின் தருவது இவ்வளவு என்று விரல்விட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டிக் கேட்டார். வாதாடவில்லை. அவள் எதிர்பார்த்த வருத்தம்கூட முகத்தில் இல்லை.

"சரி விடு. கையுறைக்கு மேல இன்னொரு கையுறை போட்டுக்கறேன்."

"ரெண்டு கையுறையா? அப்புறம் பிரேக் எங்கே இருக்குன்னு கைக்கு எப்படி மாமா தெரியும்?"

"அது இருக்கற இடத்துலதானே இருக்கும். ஓடியா போயிடும்?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் அவரை நிறுத்தவில்லை. முன்னிலும் மோசமான கைகளோடு அனுப்பிவைக்கப் பார்த்தது. உள்ளே போய் எல்.இ.டி. குமிழை எடுத்துவந்தாள். ஒரு வழி இருக்கிறது, இப்போதுதான் தோன்றியது என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன முழுப்பொய் அது ஒன்றுதான்.

6

இனி வேலையைச் சொல்லவேண்டும். தவறு அதற்குள் இருக்கிறது.

பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் சூடாக்கும் பணியைச் செய்துவிட்டுப் பேட்டரிக்கே திரும்பவேண்டும். முடிவே தொடக்கமாகிற அந்தாதி அது. (ஒரு கண்ணி விட்டாலும் பாட்டு நிற்கும்.) நடுவில் ரிலே என்றொரு சிறு வாயிற்காவலன். மெல்லிய கம்பி ஒன்று சொன்னால் கதவைத் திறப்பான், இல்லாவிட்டால் மாட்டான். அந்த மெல்லிய கம்பியை, சாவி திருப்பியதும் உயிர்பெறும் ஒரு கம்பியோடு சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் வண்டி நிற்கையில் பேட்டரி வற்றாது. அவள் வழக்கமாக எடுப்பது பின்விளக்கின் பழுப்புக் கம்பி. அதனோடு ஒரே உறைக்குள் பிரேக் விளக்கின் பச்சைக் கம்பியும் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உயிர்பெறுவது அது.

அன்று அவள் பச்சையில் சேர்த்தாள்.

சோதித்தும் பார்த்தாள். சாவியைத் திருப்பி, மாமாவைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாள். சரிவில் நின்ற வண்டியை அவர் பிரேக்கில் நிறுத்தியிருந்தார், கைப்பிடி சூடானது. மற்ற எவரிடமும் சோதிக்கையில் அவள் "பிரேக்க விடுங்க, நான் வண்டியப் பிடிச்சுக்கறேன்" என்பாள். சரிவுத் தெருவில் கடை வைத்தவர்களுக்குக் கைவந்த பழக்கம். அன்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? இவளை நான் படைத்தேன். ஆயினும் இந்தக் கேள்விக்கு அவள் என்னிடம் பதில் தருவதில்லை. "மறதியாக" என்று எழுதினேன். அடித்தேன். "மனமறிந்தே" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். "அவள் மனத்தின் ஒரு மூலை மட்டும் அறிய—" இது நாவலாசிரியர்கள் தப்பித்துக்கொள்ளும் சந்து, வேண்டாம்.

7

மறுநாள் மாமா மலையேறிவிட்டு நேரே கடைக்கு வந்தார். வாய் நிறையச் சிரிப்பு, விரல்கள் இன்னும் வெள்ளை.

"ஃபியூசு, உன் கைப்பிடி எங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரி. இறங்கும்போது கொஞ்சுது, ஏறும்போது கண்டுக்கவே மாட்டேங்குது."

இறக்கத்தில் பிரேக், ஏற்றத்தில் இல்லை. அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குப் பச்சைக் கம்பி கண்முன் நின்றது. கடைக்குள் அக்காவும் இருந்தாள். கணவரின் குரலைக் கேட்டு எழுந்தாள். அவர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனதும், தங்கையின் முழங்கையைப் பற்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நீ எனக்காகத்தான் பண்ணினேன்னு தெரியும். அப்படியே விட்டுடு. சரிவராதுன்னு அவரே விட்டுடுவார்."

தங்கை, "அவர் விடமாட்டார்க்கா. ரெண்டு கையுறை போட்டுக்கிட்டுப் போவார்" என்றாள். அக்காவின் பிடி தளர்ந்தது. இரண்டு கையுறைப் பேச்சு அக்காவுக்குப் புதிது.

8

முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், ஃபியூஸ் கம்பியை மாற்றிவிடுகிறாள், மாமா புறப்படுகிறார், அக்கா வாசலில் நிற்கிறாள். இதை எழுதிவிட்டு அன்றிரவு நன்றாகவே தூங்கினேன். காலையில் படித்தால் அக்கா அதில் வெறும் கதவுநிலையாக நின்றாள். இன்னொன்றில், மாமாவே நாற்காலி வேலைக்கு ஒப்புக்கொள்கிறார். அது என் விருப்பம், அவருடையதன்று. மூன்றாவதில் வளைவு வருகிறது, கை மூடவில்லை, அதற்குமேல்—

இல்லை. அதை எழுதமாட்டேன்.

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இதுதான். மாமா திரும்பி வந்து பிரேக்கைப் பிடித்தபடி வண்டியில் உட்கார்ந்தார். ஃபியூஸ் இருக்கைக்கு அடியிலிருந்த பக்க மூடியைக் கழற்றினாள். பச்சையிலிருந்து பிரித்துப் பழுப்பில் வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கும் முன் இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தால் இணைப்பு போய்விடும். ஆகவே வண்டியைத் தாங்க அவளால் முடியாது.

"மாமா, பிரேக்க விடுங்க. அக்கா, நீ முன்னால நின்னு வண்டியப் பிடிச்சுக்கோ."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்கே?"

அக்கா சரிவின் கீழ்ப்பக்கம் வந்து நின்றாள். செருப்பை உதறிவிட்டுக் காலை ஊன்றிக்கொண்டாள். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் கை வைத்தாள். கைப்பிடிகளில் ஏற்கெனவே அவர் கைகள் இருந்ததால், பாதி ரப்பரும் பாதி அவர் விரல்களுமாக அவள் பிடிக்குள் வந்தன. அவர் பிரேக்கை விட்டார். வண்டியின் பாரமும் அவர் பாரமும் மெல்ல அவள்மேல் சாய்ந்தன. அவள் தாங்கினாள்.

சாவி திரும்பியது. எஞ்சின் ஓடியது. சூடு உடனே வருவதில்லை, சற்றுப் பொறுக்கவேண்டும்.

"தெரியுதா மாமா?"

"என் விரலுக்கு எது இப்ப தெரியுது? அவளைக் கேளு."

இருக்கைக்கு அடியில் குனிந்திருந்தவளுக்கு அக்காவின் முகம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. எதிரெதிரே, ஒரு முழ இடைவெளியில் இருந்தார்கள். அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றாள் ஃபியூஸ், முனைகளை இன்னும் அழுத்தியபடி. "சூடு வருதா, இல்லையா? நீ சொல்றத வச்சுத்தான் பத்தவைப்பேன்."

பதிகம் பாடியவர்கள் கடைசிப் பாட்டில் இன்ன பயன் விளையும் என்று உறுதி சொல்லி முடிப்பார்கள். அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்தவன் வேறு. எனக்கு எவரும் தரவில்லை. வருகிறது என்று அக்கா சொன்னதாக ஒரு தாளும், வரவில்லை என்று சொன்னதாக ஒரு தாளும் எழுதினேன். இரண்டிலும் அவள் கணவரை நேசித்தாள். இரண்டையும் கிழித்தேன்.

வாசகரே, அக்காவின் கைகளுக்குள் உங்கள் கைகளை வையுங்கள். வண்டி கனமாகத்தான் இருக்கும். ரப்பருக்கு அடியில் இளஞ்சூடு ஏறத் தொடங்கிவிட்டது. அவருடைய விரல்கள் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றன. பின்னாலிருந்து ஃபியூஸ் மறுபடியும் கேட்கிறாள்.