ஏழாவது பரிசோதனை

பங்குனி மாதத்துக்குள் செந்தில்வேல் ஏழு தடவை இரத்தம் கொடுத்துவிட்டான். தென்காசியில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போய்க் கொடுத்தான். ஏழு தடவையும் ஒரே முடிவுதான். எச்.ஐ.வி. இல்லை, மேகநோய் இல்லை, வேறெதுவும் இல்லை.

அவன் இலஞ்சிக்காரன். வயது முப்பத்திரண்டு. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற வேலை. போன ஆடியில், சாரல் நேரத்தில், கூட்டாளிகளோடு குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கினான். அவர்கள் ஏற்பாடு செய்திருந்த ஒரு பெண்ணோடு அரைமணி நேரம் இருந்தான். அவனுக்கு அதுதான் முதல் தடவை. ஆணுறை போட்டிருந்தான். மறுநாள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது, அது கிழிந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதோடு சரி, தூக்கம் போயிற்று.

கண்ணாடி முன்னால் நின்று செல்போன் வெளிச்சத்தில் நாக்கைப் பார்ப்பான். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவியே அந்த இடம் வீங்கிப் போகும். வீங்கியதைப் பார்த்து இன்னும் பயப்படுவான். சோறு இறங்கவில்லை. ஆறு கிலோ குறைந்தது. எடை குறைவதும் அந்த நோயின் அடையாளம்தான் என்று எங்கோ படித்திருந்தான். தங்கச்சி பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டினால் உதறிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரியில் ஆலோசகராக இருக்கும் உமாதேவி மூன்றாவது பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"தம்பி, மூணு மாசம் தாண்டியும் பாத்தாச்சு. இல்லைன்னா இல்லைதான். இனி உங்க ரத்தத்துல தேடுததுக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பயத்துக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

"ரத்தக் குப்பி மாறியிருந்தா, மேடம்?"

மூன்று தடவையுமா மாறும் என்று அவர் கேட்டார். அவன் எழுந்து வந்துவிட்டான்.

இதற்கிடையில், தை மாதம், சுந்தரபாண்டியபுரத்து வித்யாலட்சுமியோடு நிச்சயம் நடந்தது. வேண்டாம் என்று சொல்ல அவனிடம் வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லை. ஆனால் அவள் கையில் மோதிரம் போட்டபோது, இந்தப் பெண்ணைக் கொல்லப்போகிறேன் என்று தோன்றியது. மாசி பிறந்ததும் கல்யாணம் வேண்டாம் என்று அம்மா இராமலட்சுமியிடம் சொன்னான். காரணம் கேட்டு அவள் அழுதாள், அடித்தாள். அவன் சொல்லாத காரணத்தை ஊரார் சொன்னார்கள். பெண்ணிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்றார்கள்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் வித்யாலட்சுமி மின்வாரிய அலுவலகத்துக்கே வந்தாள். டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டிருந்தாள். வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று நேராகக் கேட்டாள்.

"எங்கிட்ட என்னத்தக் கண்டு வேண்டாம்னு சொன்னிய?"

"உங்ககிட்ட ஒண்ணுமில்ல."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன? கூட வேல பாக்குத டீச்சர்மாரு, உடம்புக்கு எதுவும் கோளாறான்னு என்னக் கேக்காங்க. எங்கப்பா கோயிலுக்குப் போறதயே விட்டுட்டாரு."

அவன் அன்றைக்குத்தான் முதல்முதலாக எல்லாவற்றையும் சொன்னான். குற்றாலத்தை, அந்த அறையை, எதையும் மறைக்கவில்லை. பைக் பெட்டியிலிருந்து ஏழு சீட்டுகளையும் எடுத்துக் கொடுத்தான். அவள் வெயிலில் நின்றபடி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"எல்லாத்துலயும் இல்லைன்னுதான போட்டிருக்கு?"

"ஆமா."

"பெறகு?"

அவள் சீட்டுகளை வண்டி இருக்கையின்மேல் வைத்தாள்.

"நீங்க அந்தப் பொம்பளகிட்டப் போனதக்கூட விடுங்க. இல்லாத நோய்க்கு என்னப் பலி குடுத்துட்டிய."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சுந்தரபாண்டியபுரம் போனான். அவள் அப்பா தில்லைநாயகத்தோடு இரண்டு பெரியப்பாக்களும் சம்பந்தம் பேசிய நம்பிராஜன் அண்ணாச்சியும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்றுகொண்டே சொன்னான். "பொண்ணு மேல ஒரு குத்தமும் கிடையாது. தப்பு என்னோடது." என்ன தப்பு என்றும் சொன்னான். சீட்டுகளை நீட்டினான். யாரும் வாங்கவில்லை.

"வெளிய போ," என்றார் தில்லைநாயகம்.

அவள் பெயர் அதனால் எவ்வளவு தூரம் மீண்டது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பெயர் ஒரு வாரத்தில் போயிற்று. இலஞ்சி செந்திலுக்கு அந்த நோயாம் என்று பேச்சு பரவியது. ரீடிங் எடுக்கப் போன வீடுகளில் பெண்கள் உள்ளே போய்க்கொண்டார்கள். வழக்கமாகத் தண்ணீர் கொடுக்கிறவர்களும் கொடுக்கவில்லை.

அவன் உமாதேவியிடம் திரும்பப் போனான். அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒருதரம் உட்கார்த்திப் பேசினார்கள். இனிமேல் பரிசோதனைக்குப் போகக் கூடாது, எவ்வளவு தவித்தாலும் தவிப்பு அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். சில நாள் பொறுக்க முடிந்தது. சில நாள் லேப் வாசல் வரைக்கும் வண்டி போய்விடும்.

வீட்டில் அம்மா அவனுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"அம்மா, எனக்கு நோய் இல்ல. ஏழு தடவ பாத்தாச்சு."

"எனக்கு என்னலே தெரியும்," என்றாள் இராமலட்சுமி, அவன் முகத்தைப் பார்க்காமல். "நீயே நம்பலியே."

அவன் அந்தத் தட்டிலேயே சாப்பிட்டான். ஒருவேளை அம்மா நினைப்பதுதான் சரியோ என்று மனசில் ஓடிற்று. கை தானாகக் கழுத்துக்குப் போனது. பாதியில் நிறுத்தி, தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான்.