குடைக்காரர் வீட்டு ரெண்டு ஓட்டு

வாக்குச்சாவடி வாசலில் போலீஸ்காரர் குறுக்கே கையை நீட்டியபோது குடைக்காரருக்கு விஷயம் புரியவில்லை. கண் தெரியாத மனைவியைத் தன் முழங்கையைப் பிடிக்க வைத்துக்கொண்டு, எப்போதும்போல இரண்டு பேருமாகவே உள்ளே போய்விடலாம் என்று வந்திருந்தார்.

"நீங்க இங்கயே நில்லுங்க சார். இந்தத் தடவை ஏற்பாடு மாறிடுச்சு. மெஷின்ல பட்டனுக்குப் பக்கத்துலயே பிரெயில் புள்ளி இருக்கு. பேர் பட்டியலும் அப்படியே தடவிப் படிக்கிற மாதிரி குடுப்பாங்க. தடவிப் படிக்கத் தெரிஞ்சவங்க தனியாத்தான் போகணும்."

"யோவ், நான் இவ வீட்டுக்காரன்யா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இவ ஓட்டை நான்தான் போடறேன்!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இவ சொல்ற ஆளுக்கு நான் அமுக்குவேன். அதைச் சொல்ல வந்தேன்."

"விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று மனைவி அவர் கையை விட்டுவிட்டு மடக்குக் கோலை விரித்தாள். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் நாள் முழுக்க பட்டன் தடவிச் சம்பாதிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

குடைக்காரர் போர்டு எழுதும் பெயிண்டர். தேர்தல் வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்து, ஊர்ச் சுவரிலெல்லாம் தன் கட்சியின் குடைச் சின்னத்தை ஓசியில் வரைந்து தள்ளுவார். பெயர் அப்படி வந்ததுதான். மற்றபடி கொட்டுகிற மழையிலும் குடை பிடிக்காத மனிதர். ஒவ்வொரு தேர்தல் காலையிலும் தலை வாரிக்கொண்டே "யாருக்கு?" என்று கேட்பார். "குடைக்குத்தான், வேற யாருக்கு?" என்பாள் அவள். "நம்ம வீட்டுல ரெண்டும் குடைக்கு" என்று கட்சி ஆபீஸில் மார் தட்டிக்கொள்வார். இன்று காலை கேட்டதற்கு மட்டும் "போய்ப் பாத்துக்கலாம்" என்றிருந்தாள். அவசரத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார்.

வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். அட்டைத் தடுப்புக்கு மேலே அவளுடைய தலையும் தோளும் தெரிந்தன. குடை முதல் வரிசை. தொட்டால் முடிந்தது. ஆனால் மெஷின் சத்தத்தையே காணோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வலது தோள் மெல்லக் கீழே இறங்கியது. குடைக்கு எதற்குத் தோள் இறங்க வேண்டும்? தோள் மறுபடி மேலே வந்தது. அப்புறம்தான் 'பீப்' என்றது.

வெளியே வந்தவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் காதோரம் குனிந்தார்.

"யாருக்கும்மா போட்ட?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

"எங்கிட்டயுமா? எப்பவும் சொல்லுவியே."

"எப்பவும் அமுக்கறது உங்க விரலு. உங்ககிட்ட நான் வேற எதைச் சொல்றது?" கோபமே இல்லாமல் சிரித்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா..."

"உங்களைக் கூப்பிடறாங்க பாருங்க, போங்க."

உள்ளே போகும்போது மனசு வலித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இரண்டையும் மிஞ்சிக்கொண்டு, அவள் யாருக்குப் போட்டாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அரித்தது. குடைக்கே போட்டிருக்கலாம். தோள் மேலே வந்ததே! இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி வாழ்ந்தும், இவள் மனசில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் தனக்குத் தெரிந்திருக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மெஷினில் முதல் வரிசையில் குடை விரிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பட்டன்களுக்குப் பக்கத்தில் புடைத்திருந்த புள்ளிகளை இன்றுதான் கவனித்தார். விரலை வைத்துத் தடவினார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவளைப் போலவே தோளை இறக்கி, ஒவ்வொரு வரிசையாகக் கீழே போனார். பிறகு மெதுவாக மேலே வந்தார்.

"என்ன சார், ஆச்சா?" என்று அதிகாரியின் குரல் கேட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் குடைக்காரர். விரல் ஏதோ ஒரு பட்டனின் மேல் நின்றிருந்தது. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.