சோலைபாடிதான்

'அது குண்டுகரிச்சான்தான் மேடம். சும்மா பெரிசு பண்ணாதீங்க.'

பறவைக் குழுவில் ஜேம்ஸ் என்பவன் எழுதியிருந்ததைப் படித்ததும் எழிலரசிக்குச் சுருக்கென்றது. போன வாரம் சேர்ந்தவன், முகம் தெரியாதவன். குண்டுகரிச்சானுக்கு வயிறு வெள்ளை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆவடி குவார்ட்டர்ஸின் பின்மதிலுக்கு அப்பால் அவள் பார்த்ததற்கோ வயிறு செங்கல் நிறம், முதுகின் அடியில் வெள்ளைத் திட்டு, உடம்பைவிட நீண்ட வால். சோலைபாடி. இந்தப் பக்கம் வராத காட்டுப்பறவை. ஆனால் ஒருமுறை செம்போத்தைக் குயில் என்று சொல்லிவிட்டதிலிருந்து குழுவில் அவள் பெயர் குயிலக்கா. யார் நம்புவார்கள்?

விடவில்லை அவள். சமையலறை ஜன்னலில் போனை நீட்டி அதன் பாட்டைப் பதிவு செய்தாள். நடுவில் குக்கர் விசிலடித்தது. குளிக்கப்போன கணவன் பக்தவத்சலம் துண்டு கேட்டுக் குரல் கொடுத்தான். வெட்டத் தெரியாமல் அப்படியே போட்டாள். கூடவே எந்த மதில், எந்த நுணா மரம் என்றும் எழுதினாள்.

"ஊட்டுக்குப் பின்னால ஒரு குருவி கத்துனா போதும், ஊருக்கே சொல்லணும் உனக்கு" என்று சொல்லிவிட்டு அவன் ஷிப்டுக்குக் கிளம்பினான்.

ஜேம்ஸ் உடனே இறங்கிவந்தான். 'சாரி மேடம், நீங்க சொன்னதுதான் கரெக்ட். வால் நல்ல நீளமா? தினமும் அதே மரமா?'

ஜெயித்த பூரிப்பு அவளுக்கு. 'தினமும் சாயங்காலம்' என்று பதில் போட்டாள்.

மதியம் குழுவை நடத்தும் லாவண்யா போன் செய்தாள். "அக்கா, மொதல்ல அந்த எடத்த அழிங்க. சோலைபாடிய புடிச்சி கூண்டுல அடைச்சி விக்கிறவங்க கீறாங்க. வால் நீளமா இருந்தா வெல ஜாஸ்தி. அந்தாளு யாருன்னே யாருக்கும் தெரில. வால் நீளத்த இன்னாத்துக்குக் கேக்குறான்?"

எழிலரசி அழித்தாள். அழித்து என்ன, பார்க்க வேண்டியவன் பார்த்தாயிற்று.

வெயில் தாழ்ந்ததும் ஜன்னலில் வந்து நின்றாள். நுணா மரத்தில் பாட்டு எழுந்தது. அப்பாடா என்றிருந்தது. அப்போது மதிலோரக் கருவேலம் புதருக்குள்ளிருந்து இன்னொரு பாட்டு பதில் சொன்னது. இரண்டு! ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷம்தான். மேலே இருந்தது கோபமாக வாலைத் தூக்கிக்கொண்டு, தன் இடத்துக்கு வந்த எதிரியைத் தேடிக் கிளை கிளையாக இறங்கியது.

புதருக்குள் குக்கர் விசிலடித்தது.

அவளுடைய அடுப்பு அணைந்துதான் இருந்தது. எழிலரசி ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடி, பறவை பறந்துவிட வேண்டுமென்று வெறிபிடித்தவளாய்த் தட்டினாள். போ, போயிடு என்று கத்தினாள்.

இரண்டு பாட்டுகளில் ஒன்று பாதியில் நின்றது. மற்றது நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில், வேலையிலிருந்து இன்னும் திரும்பாத பக்தவத்சலத்தின் குரல் புதருக்குள்ளிருந்து கேட்டது.

"எழிலு, துண்டு எங்க கீது?"