கத்திரிப்பூ நிறப் பொட்டு

பொட்டுக்காரி என்றால்தான் அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். சோதித்துச் சரியென்று கண்ட ஒவ்வொரு இணைப்பின் மேலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். ஆளுக்கொரு நிறம்; அவளுடையது கத்திரிப்பூ நிறம். தங்கை எங்கிருந்தோ வாங்கி வந்த பாட்டில், அந்த நிறம் வேறு யாரிடமும் கிடையாது. அந்தப் பொட்டு விழுந்த கருவியை யாரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. பதினோரு வருஷத்துப் பேர், சும்மாவா வரும்?

அன்று காலை பன்னிரண்டு தூசி எண்ணும் கருவிகள் பெட்டிக்குள் போகக் காத்திருந்தன. ஆபரேஷன் தியேட்டர் காற்றில் எத்தனை தூசி மிதக்கிறது என்று எண்ணிச் சொல்பவை. லேசர் ஒளியைத் தூசி கடக்கும்போது ஒரு மினுக்கம்; அதைப் பிடிக்கும் டயோடில் துளியூண்டு மின்னோட்டம்; அதை வோல்டேஜாக மாற்றித் தருவது ஆம்ப்ளிஃபயர். மினுக்கம் இருப்பதே ஐந்து மைக்ரோசெகண்டுதான். எவ்வளவு வேகம் வரை ஆம்ப்ளிஃபயர் ஈடுகொடுக்கும் என்பதுதான் பேண்ட்விட்த். அது குறைந்தால், ஆம்ப்ளிஃபயர் தலைதூக்குவதற்குள் மினுக்கம் போயே போய்விடும்.

இரண்டு நாள் லீவு முடிந்து வந்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கருவியை எடுத்துச் சோதனை விளக்கை மினுக்கினாள். ஆசிலாஸ்கோப் திரையில் கோடு அலுங்காமல் நலுங்காமல் ஓடியது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சனியன் என்றைக்கு இத்தனை சாதுவாக இருந்தது?

டயோடிலிருந்து வரும் நீளக் கம்பியால் சிக்னலில் இரைச்சல், கோடு நடுங்குகிறது, சுத்தமான காற்றிலும் இல்லாத தூசியை எண்ணுகிறது, டயோடை ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே வைக்க இரண்டு வாரம் வேண்டும் என்று போன வாரம்தான் மேனேஜரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருந்தாள். "கம்பிய மாத்தியாச்சும்மா, பிரச்சினை தீந்துச்சு" என்று இன்று காலை அவர் சொன்னதை நம்பவும் செய்தாள். இரைச்சலைக் காணோம், சரி. மினுக்கத்தின் உயரமும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்ததே!

மூடியைக் கழற்றினாள். அதே பழைய நீளக் கம்பி. ஆம்ப்ளிஃபயரின் மின்தடைக்குக் குறுக்கே இரைச்சலை வடிக்க இருந்த கப்பாசிட்டரைப் பிரித்து அளந்தாள். அவள் வைத்தது இரண்டு பிகோஃபாரட். மீட்டர் இருபத்திரண்டு என்றது. இரைச்சல் அடங்கும்தான், கூடவே பேண்ட்விட்தும் படுத்துவிடும். பெரிய தூசியை மட்டும் எண்ணும், பொடித்தூசியெல்லாம் கணக்கில் வராது. வயிற்றைத் திறந்து படுத்திருப்பவர் மேல் கொட்டினாலும் சுத்தம் சுத்தம் என்று புளுகும்.

அந்த இணைப்பின் மேல் இருந்தது கத்திரிப்பூ நிறப் பொட்டு. அவள் வைக்காத பொட்டு.

லீவுக்கு முன்னால் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் போனது ஒரே ஆள்தான். பக்கத்து மேசை நெட்டை. ஒன்பது வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டவள். "பொண்ணு நகத்துக்குக் கேட்டு நச்சரிக்கறாடி" என்றாள். தீர்ந்தாலும் பரவாயில்லை என்று இவள்தான் மகராசி மாதிரி தூக்கிக் கொடுத்தாள்.

"ஏய், இங்க வா. இது யாரு வேலை?"

நெட்டை பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. "மேனேஜர்தான்டி மாத்தச் சொன்னாரு. இந்த ஆர்டர் போச்சுன்னா முதல்ல என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்னாரு. நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்."

"சரி, அவரு சொன்னாரு, மாத்தின. என் பொட்டையும் அவருதான் வைக்கச் சொன்னாரா?"

நெட்டை ஸ்குரூ டிரைவரை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"சொல்லுடி!"

"அது நானா வெச்சது. என் பச்சைப் பொட்டுன்னா பேக்கிங்ல திறந்து பாப்பாங்க. உன்னோடதுன்னா பாக்க மாட்டாங்க."

அடிப்பாவி! ஏமாற்றுவதற்கு இவளுடைய நேர்மைதானா கிடைத்தது?

"உன் பொண்ணு நகத்துல ஒரு சொட்டாவது வெச்சியா?"

நெட்டை தரையைப் பார்த்தாள்.

பொட்டுக்காரி நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்தாள். பன்னிரண்டு கருவிகளின் மூடியையும் கழற்றி, பொய்ப் பொட்டோடு தான் வைத்த பொட்டுகளையும் சேர்த்தே துடைக்கத் தொடங்கினாள்.

"உன்னோடதை ஏன்டி அழிக்கற?"

"எது என்னோடதுன்னு இனிமே யாருக்குடி தெரியும்?"

நெட்டை பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். இவள் வாங்கவில்லை. பேக்கிங் அண்ணன் டேப்போடு வந்து நின்றார்.

"என்ன பொட்டுக்காரி, ஒட்டிடலாமா?"

"ஒட்டாதீங்கண்ணே. ஒண்ணு விடாம திறந்து பாருங்க." குரல் உடைந்தது. "இனிமே நான் குடுத்தாலும் திறந்து பாருங்க."