மேலும் என்ற பொத்தான்

நர்ஸின் கையிலிருந்த செல்போனைப் பார்த்ததும் அவளுக்கு மனசுக்குள் ஒரு துள்ளல். மேலே வெளிர்நீலப் பட்டை, அதன் கீழே நோயாளியின் பெயர், படுக்கை எண், அன்றைய மருந்துகள். ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் கட்டைவிரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பச்சைப் பொத்தான். எல்லாம் அவள் வடிவமைத்தது. ஏழு மாத உழைப்பு இன்னொருவர் கையில் நடமாடுவதை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

குடல்வால் அறுவை முடிந்த மறுநாள் காலை. கட்டிலில் கிடந்த அண்ணன், "யாரும் ஜோக்கு கீக்கு சொல்லிடாதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று தானே ஜோக்கடித்துக்கொண்டிருந்தான். லேசாகக் காய்ச்சல். பார்த்துவிட்டுப் போன டாக்டர் நடந்துகொண்டே தன் செல்போனில் ஓர் ஊசி எழுதியிருந்தார்.

"இந்த ஆப் வசதியா இருக்கா, சிஸ்டர்?"

"ரொம்ப ஈஸி. முன்னல்லாம் ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர்கிட்ட ஓடணும். இப்ப எல்லாம் கையிலயே இருக்கு."

ஊசி போட்டு முடிக்கட்டும், யார் செய்தது என்று சொல்லலாம் என்று நினைத்தாள். நர்ஸ் மருந்தை ஏற்றிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

அண்ணன் கழுத்தைச் சொறிந்தான். "தொண்டைய என்னமோ பண்ணுது" என்றான். அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு வீங்கி, முகம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. முகம் கழுவிவிட்டு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன ஊசி போட்டீங்க?"

"பென்சிலின்..."

"ஐயோ, அது அவருக்கு ஆகாதுன்னு சேர்க்கும்போதே சொன்னேனே! கம்ப்யூட்டர்ல ஏத்துனத என் கண்ணால பாத்தேனே!"

பிறகு ஓட்டம், கூச்சல், இழுத்து மூடிய திரைச்சீலை. வெளியே அண்ணி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடம் கழித்து, மூச்சு சீராகிவிட்டது என்றார்கள். பெரிய டாக்டர் வெளியே வந்ததும் நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு எங்க போச்சு? அவ்ளோ பெரிய சிவப்பு எழுத்து தெரியலையா?"

"போன்ல அப்படி எதுவுமே இல்ல, சார்." நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள்.

அந்த எழுத்து எங்கே போனது என்று அண்ணியின் பக்கத்தில் நின்ற அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் திரை அகலமானது. ஒவ்வாமை அங்கே சிவப்புப் பட்டையாக நிற்கும். செல்போனுக்கு வந்தபோது இடம் போதவில்லை. 'நெரிசலா இருக்கு, பாத்தாலே மூச்சு முட்டுது' என்று கூட்டத்தில் சொன்னவள் அவள்தான். அந்த ஒரு வரியைத் தூக்கி 'மேலும்' என்ற சின்னப் பொத்தானுக்குள் போட்டாள். இப்பத்தான் லட்சணமா இருக்கு என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு நர்ஸையும் யாரும் கூப்பிடவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இங்கே யாருக்குத் தெரியும்?

"சார், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க." அவள் பெரிய டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "இந்தத் திரைய வடிவமைச்சது நான்தான். அந்தச் சிவப்பு எழுத்த உள்ள தள்ளுனதும் நான்தான்."

மணிக்கட்டிலிருந்து அண்ணியின் பிடி விலகியது. அண்ணி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் தன் அலுவலகத்தைப் போனில் அழைத்தாள். நடந்ததைச் சொல்லி, "உடனே நிறுத்துங்க. எத்தன ஆஸ்பத்திரில ஓடுது?" என்று கேட்டாள். "நாப்பத்தொண்ணு" என்று பதில் வந்தது. நிறுத்துவதற்கு யார் யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அந்தக் குரல் விளக்கத் தொடங்கியது.

நர்ஸ் எதிரில் வந்து செல்போனை நீட்டினாள். "எங்க இருக்கு? காட்டுங்க."

மூலையில் சாம்பல்நிறத்தில் இருந்த 'மேலும்' என்பதை அவள் தொட்டாள். சிவப்பு வரி கீழிருந்து வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. நர்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, செல்போனை வாங்கி, அடுத்த படுக்கைக்குப் போனாள். பெயரைத் தேடினாள். மூலையைத் தொட்டாள். அதற்கடுத்த படுக்கைக்குப் போனாள். அந்தக் கூடத்தில் இன்னும் இருபத்திரண்டு படுக்கைகள் இருந்தன.