திரைக்கு வெளியே நீண்ட கை

குன்னூர் கடைவீதியில் எலிகள் செத்து விழ ஆரம்பித்திருந்தன. பிளேக் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி வெள்ளைக்காரத் துரைமார் தண்டோரா போட்டும் ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் துணிக்கடை ஹபீப் முகமதுவைப் பேசச் சொன்னார்கள். நகரசபை மெம்பர், தொண்டையைச் செருமினாலே கூட்டம் கூடிவிடும்.

மார்க்கெட் முன்னால் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். "ஊசி வெசமில்லீங்க, நம்ம ஊட்டுக்குப் போடற வேலி. நம்பலையா? நாளைக்கு என் மவ ஆரிஃபாவுக்குத்தான் மொத ஊசி." கைதட்டல் அடங்கிய பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

விளக்கு வைத்த நேரம், பதினாலு வயது ஆரிஃபா அவருக்குச் சோறு போட்டபடி மெல்லச் சொன்னாள்.

"அத்தா, பயமா இருக்குது. ஊசி குத்துனா கை அழுகி மௌத்தாயிருவாங்களாம்."

"ஆரு சொன்னா?"

"எல்லாரும்தான். நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

மழையாய்ப் பேசுகிற மனுஷன் தலை நிமிராமல் ரசச் சோற்றைப் பிசைந்தார். "நேரமில்லாமப் போச்சு, கண்ணு. உனக்கு வேண்டாம்னா வேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

"அப்புறம் உங்க பேச்ச ஆரு கேப்பா?"

மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்தார். வயசுக்கு வந்த பெண் அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாதென்று நடையில் திரை கட்டியிருந்தார்கள். கையை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். ஊசி அவளுக்குத்தான் போடுகிறார்களா என்று பார்க்க, கடைவீதிப் பெண்கள் திரைக்கு உள்ளே கூடிவிட்டார்கள்.

"வேற எவ கையவாச்சும் நீட்டிட்டா? மெம்பரு ஊட்டுல எதுவும் நடக்கும்" என்றாள் மாவு இடிக்கிற ராக்கம்மா.

ஆரிஃபா கையை நீட்டினாள். வெளியிலிருந்து ஒரு கை வந்து பற்றியது. அத்தாவின் கை. சில்லிட்டு நடுங்கியது. நேரமில்லாமல் அல்ல, பயந்துதான் அவர் போட்டுக்கொள்ளவில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"அத்தா, மொதல்ல நீங்க போட்டுக்கங்க. நான் புடிச்சுக்கறேன்."

டாக்டர் அவருடைய மறு கைச் சட்டையைச் சுருட்டுகிற சரசரப்பு கேட்டது. பிறகு அவள் விரல்கள் நொறுங்குகிற மாதிரி ஓர் இறுக்கு. ராக்கம்மா திரையை ஒதுக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க மெம்பரே, அழுவறீங்களா?"

"கண்ணுல தூசிங்க."

"ரெண்டு கண்ணுலயுமா?"

பெண்கள் சிரித்தார்கள். ஆரிஃபாவுக்கும் சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் அவளுடைய ஊசியும் முடிந்திருந்தது.

ராக்கம்மா வளையலை மேலே தள்ளி, அதே திரை வழியாகக் கையை நீட்டினாள்.

"இத்தன பயந்தவரே போட்டுக்கிட்டாரு, எனக்கென்ன. குத்துங்க டாக்டரய்யா. மெம்பரே, நீங்க கையப் புடிக்க வேண்டாமுங்க."