கத்திரிக்காய் ரோல், அமலா

புருஷன் எட்மண்டின் வீட்டில் இருந்தவரை அமலா கத்திரிக்காய் வாங்கியதில்லை. அவருக்குப் பிடிக்காது. என் தட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற பிடிக்காது அல்ல. அந்த வாசப்படியையே அது மிதிக்கக் கூடாது என்கிற பிடிக்காது. போன வருஷம் ஒருநாள், பக்கத்து வீட்டில் கொடுத்ததில் ஆசைக்கு நாலு துண்டு சாம்பாரில் போட்டுவிட்டாள். தட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. கல்யாணம் ஆன நாள்முதல் எது கொட்டினாலும் துணியோடு ஓடியவள் அன்றைக்கு ஓடவில்லை. சாம்பார் சுவரில் வழிய வழிய விட்டுவிட்டு, மகள் நிக்கோலைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது அதே ஊரில் ஏரவாடா பகுதியில் சின்னதாய் ஒரு வாடகை வீடு. பள்ளிக்கூட ஆபீஸ் சம்பளத்தில் ஓடுகிறது. அந்தச் சுவரை யார் துடைத்தார்கள் என்று அவள் விசாரிக்கவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் அறுப்பின் பண்டிகை வந்தது. கேம்ப் வட்டாரத்தில் இருக்கும் அவர்கள் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம். வீட்டுக்கு வீடு ஏதாவது சமைத்துக் கொண்டுவர, அதைக் கூவி விற்றுக் காசைச் சபைக்குச் சேர்ப்பார்கள். பெண் சமைப்பாள், புருஷன் பெயரில் கூவுவார்கள், புருஷனே போட்டி போட்டு எடுப்பான். கட்டினவள் சுட்ட கேக்கை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தால் மானம் கப்பலேறிவிடுமாம்.

பெண்கள் சங்கத் தலைவி பாக்கியவதி போன் செய்தாள்.

"இந்த வருஷமும் ஏதாச்சும் செஞ்சு கொண்டா அமலா. எட்மண்ட் குடும்பத்தார்னு எழுதிக்கிடுதேன்."

"வேண்டாம்க்கா. அமலான்னு எழுதுங்க."

"அதெப்படி எழுத? குடும்பப் பேருலதான வாசிக்கணும். அவரு எல்லார்ட்டயும், சும்மா கோவத்துல போயிருக்கா, வந்துருவான்னு சொல்லிட்டுக் கெடக்காரு. கேவலம் ஒரு கத்திரிக்காய்க்கு இவ்வளவு வீம்பு ஆகாது, பாத்துக்க."

கேக் செய்யலாம் என்றுதான் அமலா நினைத்திருந்தாள். அந்தக் 'கேவல'த்தில் மனசு மாறிவிட்டது. கத்திரிக்காய்தானே? அதுவே வரட்டும். சபை நடுவில் வந்து உட்காரட்டும்.

சனிக்கிழமை மார்க்கெட்டில், மராட்டிக்காரர்கள் சுட்டுப் பிசைந்து பர்த்தா என்ற மசியல் செய்கிற குண்டுக் கத்திரிக்காயாகப் பார்த்து வாங்கினாள். நிக்கோல் போனில் ஒரு இத்தாலிக்காரியின் வீடியோவைப் போட்டு, மிக்ஸிமேல் சாய்த்து வைத்தாள். நீளவாக்கில் மெல்லிசாக அரிய வேண்டும், உப்புத் தடவித் தண்ணீர் இறங்க விட வேண்டும், துடைத்துவிட்டு எண்ணெயில் வாட்ட வேண்டும். எல்லாம் அமலாவுக்கு வசப்பட்டது. தக்காளியும் பூண்டும் கொதிக்கும்போதுதான் கை தன்பாட்டுக்குக் கடுகு டப்பாவைத் தேடியது.

"மம்மி, நோ கடுகு!" என்று நிக்கோல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடுகு போட்டா இத்தாலிக்காரி அழுவாளோ?"

உதிர்த்த பனீரில் மிளகும் துளசிக்குச் சொந்தக்காரி போலிருந்த பேசில் இலையும் கலந்து, வாட்டிய துண்டில் வைத்துச் சுருட்டி, பல்குச்சி செருகி, தக்காளிச் சாற்றின்மேல் அடுக்கி ஓவனில் வைத்தார்கள். வீடெல்லாம் கத்திரிக்காய் மணந்தது. அமலா ஒரு ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

"மம்மி... டாடி ஃபர்ஸ்ட் பெஞ்சுலதான் உக்காருவார்," என்றாள் நிக்கோல் மெதுவாக.

"உக்காரட்டும். பெஞ்சு சபையோடது."

தட்டை ஃபாயிலால் மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டினாள். 'கத்திரிக்காய் ரோல், அமலா.' அவ்வளவுதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. அமலா பின்வரிசையில் நிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். சபைச் செயலாளர் கிரேக் அவள் தட்டைத் தூக்கிப் பிடித்துச் சீட்டை வாசித்தார்.

"அடுத்தது, இத்தாலி ரோல்! எட்மண்ட் குடும்பத்தார்!"

அமலாவுக்குக் காது சுட்டது. காலையில் தட்டை வாங்கிவைத்த பாக்கியவதி, நிக்கோல் சொன்ன 'இத்தாலி'யை மட்டும் பிடித்துக்கொண்டு புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். பெயரையும் கிழித்துவிட்டாள், கத்திரிக்காயையும் கிழித்துவிட்டாள். கத்திரிக்காய் என்றால் யார் கேட்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

முதல் வரிசையில் எட்மண்ட் எழுந்தார். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஆயிரம்! எம் பொண்டாட்டி கைப்பக்குவம், வேற ஆளுக்கு விடுவனா?"

சபை சிரித்தது. சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கே என்று ஒருத்தி சந்தோஷமாகக் கிசுகிசுத்தாள். வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பெயரோடு சேர்ந்து அவளும் ஏலம் போனாள். நிக்கோல் அம்மாவின் கையைப் பிடித்தாள். அமலா அதை விடுவித்துக்கொண்டு எழுந்து மேடைக்கு நடந்தாள்.

எடுத்தவர் மேடையிலேயே ஒரு வாய் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். சமைத்தவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். அமலா ஃபாயிலைப் பிரித்தாள். ஒரு ரோலைச் சின்னத் தட்டில் வைத்து நீட்டினாள். எட்மண்ட் சிரித்துக்கொண்டே வாங்கி, பல்குச்சியைப் பிடித்து வாய்க்கிட்டே கொண்டுபோனார்.

"கத்திரிக்காய்," என்றாள் அமலா. மைக் பக்கத்திலேயே இருந்தது. "சாப்பிடுங்க."

கை அந்தரத்தில் நின்றது. எட்மண்ட் அவளைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், பாக்கியவதியைப் பார்த்தார். பாக்கியவதி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அந்த நரம்பை அமலாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் பின்னால் நகரவில்லை.

எட்மண்ட் ரோலைத் தட்டில் வைத்தார். தட்டை மேஜைமேல் வைத்தார். அத்தனை கண்களுக்கு முன்னால், துளிச் சத்தமில்லாமல், பூப்போல வைத்தார்.

"எனக்கு இது ஒத்துக்காது," என்றார் பதவிசாக.

"பாத்தீங்களா," என்றாள் அமலா சபையைப் பார்த்து. "தட்ட மெதுவா வைக்கத் தெரியுது."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. எட்மண்ட் தன் பெஞ்சுக்குப் போகாமல் நேரே வாசலுக்குப் போனார். கிரேக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்போ... ஏலத்தைத் திரும்பப் போடணும். எட்மண்ட் குடும்ப..."

அமலா அந்தச் சீட்டை உரித்து, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தாள். கிரேக் பாக்கியவதி பக்கம் பார்க்கத் திரும்பியவர், பாதியில் நிறுத்திக்கொண்டு மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"கத்திரிக்காய் ரோல். அமலா."

எட்மண்ட் வைத்துவிட்டுப் போன ரோலை எடுத்து அமலா வாயில் போட்டுக்கொண்டாள். மென்று, முழுங்கி, விரலில் ஒட்டிய தக்காளியையும் நக்கிவிட்டு மைக்கில் சொன்னாள்.

"நல்லாருக்கு."